திண்ணையும் விசுப்பலகையும்

“பழைய கல்விமுறையை மாற்றல் வேண்டும்” என்னும் கூற்றை இந்நாளிற் கேளாதார் இலர். மேடையிலும் கேட்கின்றோம், செய்தித்தாளிலும் படிக்கின்றோம், பெற்றோர் கூட்டங்களிலும் அஃதே பேச்சு. அங்ஙனம் பேசுவோர் கருத்திலுள்ள ‘பழைய முறை’ யாது? வரிசையாக இட்ட விசுப்பலகைகள். அவற்றின்மேல் ஒரே வயதினராகிய நாற்பது பாலர். கரும்பலகையின் முன் ஓர் ஆசிரியர். நாற்பதின்மர்க்கும் ஒரே நாளில் ஒரே பக்கம். மணியடித்தாற் பாடம் மாறுதல். ஆண்டிறுதியில் ஒரு பரீட்சை. இதனைப் பழமை என்றல் சரித்திரத்துக்குப் பொருந்தாது. உண்மையிற் பழையதாகிய வேறொரு பள்ளி நம் நாட்டில் இருந்தது. குழந்தை எவ்வாறு கற்கின்றது என்று இன்று ஆராய்வோர் தேடிக் காண்பனவற்றுட் சில அதனுட் கிடந்தன. இதுவே யான் ஈண்டுச் சொல்லப் புகுவது. தமிழ் ஆனர்ஸ் படிக்கும் மாணாக்கனுக்குப் பாலர் கல்வியில் என்ன அதிகாரம் என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நன்னூல் படித்தவனுக்கு அவ்வதிகாரம் உண்டென்பதைப் பின்னர்க் காட்டுவேன்.

எமது பூவம், காரைக்காற் பகுதியின் வடவெல்லையிலுள்ள சிற்றூர். நண்டலாற்றைக் கடந்தாற் தமிழ்நாடு. பொறையாறும் தரங்கம்பாடியும் அணித்தே உள்ளன. தரங்கம்பாடி 1620 முதல் டேனியர் வசம் இருந்து 1845-இல் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டது. காரைக்கால் 1739-இற் பிரெஞ்சியர் கைப்பட்டு 1954 நவம்பர் முதல் நாள் இந்தியாவின் ஆட்சிக்கு வந்தது. ஆற்றின் இரு கரையிலும் கொடிகள் பன்முறை மாறின. எந்தக் கொடி பறந்தபோதும் நம் முன்னோருட் படிக்கக் கொடுத்துவைத்தவர்களின் பிள்ளைகள் அகரத்தைத் தரையிற் பரப்பிய மணலில் விரலால் எழுதியே கற்றார்கள்.

அம்மணலில் எழுதியவர்களுள் ஐரோப்பியர் ஒருவரும் உண்டு. பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது அவருக்கு வயது இருபத்துநான்கு நிரம்ப ஒரு நாளே குறைவு. தமிழ் கற்க அவருக்கு அகராதியும் இல்லை, அச்சிட்ட இலக்கணமும் கைவசம் இல்லை. முதியவரான உபாத்தியாயர் ஒருவர் தம் பள்ளியையே அவர் தங்கிய மனைக்குக் கொண்டுவந்து நடத்த, ஐயர் அச்சிறு பாலரோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துக்களை எழுதிப் பழகினார். அவ்வாறு கற்றவரே சின்னாட்களிற் தமிழிற் பேசவும் பிரசங்கிக்கவும் வல்லராகி, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் அது தரங்கம்பாடியிலேயே அச்சாயிற்று. அவரை நாம் அச்சின் பொருட்டு மிகுதியும் போற்றுகின்றோம். அவ்வச்சுக்கு முன் ஒரு பிடி மணல் இருந்ததை மறந்துவிடுகின்றோம்.

அந்தத் திண்ணைப் பள்ளி எத்தகையது? அங்கே வகுப்பு என்பது இல்லை. ஒருவன் விஜயதசமியிற் சேர்வான். மற்றொருவன் வேறொரு நல்ல நாளிற் சேர்வான். ஒருவன் மணலில் எழுதிக்கொண்டிருப்பான். அவன் அருகில் ஒருவன் எண்சுவடி சொல்லுவான். மூத்தவன் ஓலையில் எழுத்தாணி கொண்டு வரைவான். எழுத்து கைவந்த பின்னரே அடுத்ததற்குச் செல்லுதல் வழக்கம். ஆறு மாதத்திற் கைவந்தால் ஆறு மாதம், ஓராண்டு சென்றால் ஓராண்டு. ‘பின்தங்கியவன்’ என்ற பெயர் அங்கே பொருளற்றது. எவர்க்குப் பின்? உபாத்தியாயர் ஒருவரே யாதலின் மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாகி இளையார்க்குச் சொல்லிக் கொடுப்பான். மாலையில் எல்லாரும் கூடி உரத்த குரலில் முறை சொல்லுவர். இம்மனப்பாடத்தை வெறுங் கிளிப்பிள்ளைப் பாடம் என்று தள்ளிவிடுதல் எளிது. திண்ணைப் பள்ளிக் கணக்கை விரிவாக ஆராய்ந்த செந்தில் பாபு அவர்களோ, அங்கே நினைவு என்பது கணக்குப் பயிற்சியின் கருவியாகவே தொழிற்பட்டது என்று காட்டியிருக்கின்றார். யான் அவ்வளவு தூரம் முற்றும் உடன்படேன். ஆயினும் அவர் சொல்வதை எண்ணிப் பாராமல் தள்ளவும் இயலவில்லை.

இனி, நன்னூலுக்கு வருவோம். பவணந்தி முனிவர் தம் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் எவ்வாறு கற்கின்றான் என்பதற்கு ஒரு கணக்கே சொல்லுகின்றார். ஆசிரியர் உரைத்ததை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது கால்பங்கு. உடன் கற்பாரோடு பயில்வதாற் கால்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைத்தலாலேயே நிரம்பும். ஆசிரியர்க்கு முனிவர் விதிக்கும் கடமையும் ஒன்றுண்டு: கற்பவன் எவ்வகையிற் கொள்ள வல்லனோ அவ்வகையை அறிந்து கொடுத்தல். பரீட்சைக்காக இச்சூத்திரங்களை ஒப்பிக்கும் எம்மவர், இவை ஒரு பள்ளியை நடத்துதற்குரிய விதிகள் என்று கருதுவதில்லை. நம் விசுப்பலகைப் பள்ளியிலோ முதற் கால்பங்குக்கு மட்டும் இடமுண்டு. உடன் கற்பாரோடு பேசினால் ‘அரட்டை’ என்று தண்டனை. பிறர்க்குச் சொல்லிக் கொடுத்தால், பரீட்சை மண்டபத்தில், குற்றம்!

திண்ணையைப் புகழ்ந்துகொண்டே செல்லுதல் நேர்மையன்று. கோதண்டம் என்றொரு தண்டனை அங்கே இருந்தது: பிள்ளையின் கைகளை உத்தரத்திற் கட்டிய கயிற்றிற் பிணித்துத் தொங்கவிடுதல். அண்ணாந்தாள் முதலிய வேறு கொடுமைகளும் இருந்தன. இவற்றினும் கொடிது, திண்ணையில் ஏறவே இயலாதார் பெருந்தொகையினர் என்பது. 1822-இற் சர் தாமஸ் மன்றோ கேட்ட கணக்கு 1826-இல் வந்து சேர்ந்தபோது, மதராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணாக்கர் பயின்றனர் என்று கண்டது. இத்தொகையை எடுத்துக்காட்டி ‘அந்நாளில் எல்லாரும் கற்றிருந்தனர்’ என்பார் உளர். மாகாணத்தின் ஜனத்தொகை ஒரு கோடியே இருபத்தெட்டு இலட்சத்துக்கு மேல் என்பதையும், அம்மாணாக்கருட் பெண்கள் மிகச் சிலரே என்பதையும், சேரிப் பிள்ளைகட்கு அத்திண்ணைகள் பெரும்பாலும் அடைத்தே கிடந்தன என்பதையும் அவர் சொல்லாது விடுவர். என் பாட்டனாரின் பாட்டனார் எந்தத் திண்ணையிலும் உட்கார்ந்தவர் அல்லர்.

அக்கதவைத் திறந்தவை மிஷன் பள்ளிகள். தரங்கம்பாடியில் 1707-இலேயே பெண்பிள்ளைகட்கு ஒரு பள்ளி தொடங்கப்பெற்றது. மிஷனாரும் சாதி வேற்றுமையை அன்றே முற்றக் களைந்துவிட்டனர் என்று சொல்ல மாட்டேன். கோயிலிலேயே தனித்தனி இருக்கை இருந்த காலம் அது. ஆயினும் எழுத்து எல்லார்க்கும் உரியது என்னும் கொள்கை அவர்கள் பள்ளியில் வேரூன்றியது. எனவே, ஒன்றில் முறை நன்று, கதவு அடைப்பு. மற்றொன்றிற் கதவு திறப்பு, முறையோ நாளடைவில் இறுகிப் போயிற்று. இறுகிய வரலாறு வேடிக்கையானது.

1789-இற் சென்னை எழும்பூரில், படைவீரர்தம் ஆண் அநாதைக் குழந்தைகளின் விடுதிக்குத் தலைவரான டாக்டர் ஆண்ட்ரூ பெல் என்பார், ஒரு நாட்டுப் பள்ளியிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யுமாறு உதவியாசிரியரை ஏவினார், அவர் இசைந்திலர். பெல் மனந்தளராது, ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் சிறு பாலரை ஒப்புவித்தார், காரியம் கைகூடியது. 1797-இல் இதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்று அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஸ்காத்லாந்தில் அவர் விட்டுச்சென்ற பொருளாற் தோன்றிய பள்ளி இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்றே வழங்குகின்றது. ஆனால், பரவியது எது? ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சிறு செலவில் அடக்கியாளும் உபாயமே. சட்டாம்பிள்ளை சென்றான், ஒவ்வொருவனும் தன் போக்கிற் கற்கும் உரிமை கப்பலேறவில்லை.

பின்னர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இம்மாகாணத்தில் ‘தேர்ச்சிக்கேற்ற மானியம்’ என்னும் ஏற்பாடு வந்தது. இன்ஸ்பெக்டர் ஆண்டுக்கொருமுறை வருவார்; குறித்த வகுப்புக்குக் குறித்த பாடத்திற் பரீட்சிப்பார்; தேறிய தலைகளை எண்ணிப் பணம் கொடுப்பார். மானியம் விரும்பிய திண்ணைகளும் வகுப்பாகப் பிரிந்தன. ஒரே நாளில் ஒரே பக்கம் என்பது வழக்காயிற்று. ஆதலின், நாம் இன்று ‘பழைய முறை’ என்று அலுத்துக்கொள்வது கணக்குப் பிள்ளையின் வசதிக்காக எழுந்தது. குழந்தையின் இயல்பை நோக்கி யாரும் அதனை வகுத்தாரல்லர்.

இற்றைநாள் ஆராய்ச்சி என்ன சொல்லுகின்றது? பலவும் சொல்லுகின்றது, நம் ஊருக்கு வேண்டுவன இரண்டினை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். 1995-இல் மும்பையிற் தோன்றிய ‘பிரதம்’ என்னும் அமைப்பு, நாளின் ஒரு பகுதிக்குப் பிள்ளைகளை வயதும் வகுப்பும் நோக்காது, அவர்கள் அறிந்த அளவு நோக்கிக் குழுவாக்கிக் கற்பித்தது. எழுத்து அறியாதார் ஒரு குழு, சொல் கூட்டுவார் ஒரு குழு, கதை படிப்பார் ஒரு குழு. 2019-இற் பொருளியல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் இதனைச் சோதித்து, படிக்கத் தெரியாது தேங்கிய பிள்ளைகள் இவ்வகையிற் தெளிவாக முன்னேறுகின்றனர் என்று கண்டனர். கொள்வோனது கொள்வகை அறிந்து கொடுத்தல் என்பது இதுவன்றோ!

இரண்டாவது, என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. அவ்விருவரும் பிறரும் சேர்ந்து 2025-இல் ‘நேச்சர்’ என்னும் சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கொல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தையில் விற்கும் பிள்ளைகள், இத்தனை கிலோ இன்ன விலை, கொடுத்த நோட்டுக்கு மீதி இவ்வளவு என்று மனக்கணக்காகவே நொடியிற் சொல்லிவிடுகின்றனர். அவர்களிடமே பள்ளிக்கூட வடிவில் அதனினும் எளிய கணக்கை எழுதிக் கொடுத்தால் திகைக்கின்றனர். பள்ளிக் கணக்கிற் தேறிய பிள்ளைகளோ சந்தைக் கணக்கிற் திகைக்கின்றனர். பள்ளிக்கும் தெருவுக்கும் இடையே பாலம் இல்லை; எந்தப் பிள்ளையும் தானாக அதனைக் கட்டிக்கொள்வதும் இல்லை.

இதனைப் படித்தபோது எனக்கு எம் ஊர்ப் பேச்சு நினைவுக்கு வந்தது. காவிரிக் கடைமடையில் இன்றும் முதியோர் நிலத்தை ‘மா’ என்றும் ‘வேலி’ என்றுமே சொல்லுவர். இருபது மா ஒரு வேலி. ‘மா’ என்னும் சொல்லுக்கே தமிழ்க் கணக்கில் இருபதில் ஒரு பங்கு என்று பொருள்; காணி எண்பதில் ஒன்று; முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. நான்கு காணி சேர்ந்தால் ஒரு மா. அளவுகளிலும் இவ்வாறே: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. அரை, கால், அரைக்கால் என்னும் பின்னங்கள் அனைத்தும் அடுக்களையில் அடுக்கிவைத்த பாத்திரங்களாக இருந்தன. எண்சுவடியும் நெல்லிலக்கமும் அவற்றின் மேலேயே எழுந்தன. மூன்று மா நிலம் என்று பாட்டன் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஐந்தாம் வகுப்பில் ‘3/20’ என்பதைக் கண்டு, அது வேறோர் உலகத்துப் பொருள் என்று அஞ்சுகின்றது. சென்ற கோடையில் எம் தெருச் சிறுவர் இருவர்க்கு இத்தொடர்பைச் சொன்னேன். ஒருவன் உடனே, “அப்படியானால் பத்து மா அரை வேலி” என்றான். மற்றவன் என்னை நம்பாமல் தன் பாட்டனாரிடம் கேட்டு வர ஓடினான். அவன் செய்கையே எனக்கு மிகவும் பிடித்தது.

மெட்ரிக் அளவை ஒழித்து மரக்காலை மீட்க வேண்டும் என்று யான் சொல்வதாக யாரும் பொருள் கொள்ளற்க. லிட்டரும் ஹெக்டேரும் வேண்டுவனவே. அவற்றுக்குச் செல்லும் வழி வீட்டு வாயிலிலிருந்து தொடங்குக என்பதே என் கருத்து. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுதும் இந்நாட்டிலேயே தங்கி ஆசிரியர்களைப் பழக்கினார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துக்களைக் குழந்தை விரலால் தடவிக் கற்பது அவர் முறைகளுள் ஒன்று. நகரங்களில் இந்த உப்புத்தாள் எழுத்துக்குப் பெற்றோர் பெருங்கட்டணம் செலுத்துகின்றனர். விரலும் மணலுமே அங்கும் ஆசிரியர் என்பதை அவர்கட்கு யாரேனும் சொன்னாற் கட்டணம் குறையுமோ, அறியேன்.

அரசுப் பள்ளியில் இவையெல்லாம் நடவா என்று சொல்வார்க்கு நடந்ததைக் காட்டலாம். ரிஷி பள்ளத்தாக்கில் உருவான அட்டைமுறையைத் தழுவி, 2003-இற் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கியது. 2007-இல் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது பரந்தது. விசுப்பலகை போயிற்று, பாய் வந்தது. சுவரின் அடியில், குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில், தாழ்ந்த கரும்பலகைகள் வந்தன. ஏணிப்படியாக அமைத்த அட்டைகளைப் பிள்ளை தன் போக்கில் ஒவ்வொன்றாக ஏறிச் செல்லும். பெற்றோர் பலர்க்கு அது பிடிக்கவில்லை. “பள்ளியில் விளையாடிவிட்டு வருகின்றான்” என்றார்கள். ஆசிரியர்க்கும் அது எளிதாக இல்லை: ஒருவரே பல வகுப்பைப் பார்க்குமிடத்து, முப்பது பிள்ளைகள் முப்பது படியில் நின்றால் அவர் என் செய்வார்? அட்டைகள் தொலைந்தன, பதிவேடுகள் பெருகின. 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் புதுத்திட்டம் அதன் பின் வந்தது. செயல்வழிக் கற்றல் தோற்றது என்பார் கூற்றை யான் ஏற்பதில்லை. போதிய ஆசிரியர் இன்றி நடத்தியதே தோற்றது.

ஆற்றின் இக்கரையாகிய எம் பகுதியிலோ வேறொரு மாற்றம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு மத்தியப் பாடத்திட்டத்துக்குச் சென்றன. மருத்துவம் முதலிய நுழைவுத் தேர்வுகட்கு இது துணையாகும் என்று நம்பும் பெற்றோரை யான் பழியேன். மீன் விற்றும் நாற்று நட்டும் பிள்ளையைப் படிக்க வைப்பவர்க்கு அவ்வாசை இருத்தல் நியாயமே. ஆயினும் நூலை மாற்றுதல் வேறு, கற்பிக்கும் முறையை மாற்றுதல் வேறு. மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்ட அறியாத பிள்ளைக்குப் பாடநூலின் அட்டை எந்த நிறமாயினும் ஒன்றே. அவன் கடைசி விசுப்பலகையில் ஓசையின்றி உட்காரக் கற்றுக்கொள்வான். ஒன்பதாம் வகுப்பு வரை ஒருவர்க்கும் தெரியாமல் அவ்வாறே இருக்கவும் அவனால் இயலும். பிறகு ஒரு நாள் வாரான். அவன் பெயர்க்கு நேரே பதிவேட்டில் ஒரு கோடு விழும்.

அவனை ஐந்தாம், எட்டாம் வகுப்பிலேயே நிறுத்திவைக்கலாம் என்பதும் ஒரு மருந்தாகச் சொல்லப்படுகின்றது. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் அதனைத் தடுத்தது. 2019-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு, இரண்டு மாதத்துள் மறுபரீட்சை வைத்தும் தேறாதாரை நிறுத்தலாம் என்று விதி செய்தது. ஐந்தாண்டு கற்பித்தும் எழுத்துக் கூட்டாத பிள்ளையை இரண்டு மாதத்துட் கூட்டச் செய்யும் வழி யாதென்பதை அவ்விதியை வரவேற்பார் சொல்லியிருந்தால் நானும் வரவேற்றிருப்பேன். அவ்வழி உண்டாயின், அதனை இரண்டாம் வகுப்பிலேயே கையாளத் தடை யாது?

இறுதியாக, அக்கரையில் அண்மையில் நிகழ்ந்த ஒன்று. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் அடைத்த பள்ளிகள் நெடுநாள் திறவாமையாற் பிள்ளைகள் கற்றதையும் மறந்தனர். 2021 அக்டோபரிற் தமிழ்நாட்டு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்பதைத் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாலைதோறும் தெருப்பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தனர். எங்கே? வீட்டு முற்றத்தில், கோயில் மண்டபத்தில், திண்ணையில். ஒருகாலத்திற் பெண் ஏறாத திண்ணையிற் பெண்ணே உபாத்தியாயராக அமர்ந்தாள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் அவளெதிரே உட்கார்ந்தனர். நண்டலாற்றுக்குத் தெற்கே அத்திட்டம் வரவில்லை.

வராததை நாம் தொடங்கலாகாதா? நம் கல்லூரி மாணாக்கருட் பதின்மர், வாரத்துக்கு இரண்டு மாலை, மணிக்கொரு முறை பஸ் ஓடும் பாதையில் வந்து செல்ல வேண்டும். ஒவ்வொருவர்க்கும் ஐந்து பிள்ளைகள். வயது நோக்க வேண்டா, அறிந்த அளவு நோக்குவோம். மூத்த பிள்ளைகளுட் சிலரைச் சட்டாம்பிள்ளையாக அல்ல, துணையாக வைத்துக்கொள்வோம். வேண்டிய பொருள்: தட்டில் மணல், எழுத்தட்டைகள், ஆழாக்கு முதல் நாழி வரை நான்கு அளவுகள், ஒரு லிட்டர்ப் படி. இடம் கொடுக்க எம் தெருவில் இரு வீட்டார் இசைந்திருக்கின்றனர். விரும்புவோர் தம் பெயரைத் தமிழ்ப் பேரவைச் செயலரிடம் ஜூன் மாதத்துக்குள் கொடுப்பாராக.